குடலுக்குள் ஸ்கேன் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் யாருக்காவது மலத்தோடு இரத்தம் போனால் முதலில் மருந்துக் கடை, பிறகு மூலத்துக்குப் பெயர்போன நாட்டு வைத்தியர், கடைசியில்தான் டொக்டர். டொக்டர் விரல் விட்டுச் சோதிக்க வேண்டும் என்றால் வெட்கம். பின்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பயம். "அதெல்லாம் வேணாம் டொக்டர், ஒரு ஸ்கேன் எழுதித் தாங்களேன், காசு பரவாயில்ல" என்று கேட்பவர்கள் மாளிகாவத்தையில் மட்டுமல்ல, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள். இந்த விடயத்தில் வெட்கம் சாதி மதம் பார்ப்பதில்லை.

இந்தக் கோரிக்கைக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்பது ஒன்று. இருப்பது தெரிந்த பிறகு, அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது மற்றது. இரண்டாவது கேள்விக்கு சி.ரி. ஸ்கேன் சொல்லும் பதிலை இன்று வேறெந்தக் கருவியும் அவ்வளவு வேகமாகச் சொல்வதில்லை. முதலாவது கேள்விக்கு, வழமையாக எடுக்கப்படும் வயிற்று ஸ்கேன் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. அதற்கென்றே தனி ஆயத்தத்தோடு எடுக்கும் ஸ்கேன் ஒன்று உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம். இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்காததால்தான் நம்மவர்களின் காசும், காசைவிடப் பெறுமதியான மாதங்களும் வீணாகின்றன என்பது என் எண்ணம்.

நோயின் பருமனை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022இல் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் பேர் அதனால் இறந்தார்கள். எண்ணிக்கையில் இது மூன்றாவது புற்றுநோய், உயிர் குடிப்பதில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்தது. இலங்கையில் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் பதிவேடுகளிலும் ஆண், பெண் இருபாலாரிடமும் முன்வரிசைக்கு ஏறிவிட்டது. வாய்ப்புற்றுநோயைப் பற்றி வெற்றிலைக் கடைக்காரருக்கே தெரியும். மார்பகப் புற்றுநோய்க்கு ஒக்டோபர் மாதம் இருக்கிறது. குடல் புற்றுநோயைப் பற்றிப் பேச வேண்டுமானால் மலத்தைப் பற்றிப் பேச வேண்டும், அதனால் யாரும் பேசுவதில்லை. உதைபந்தாட்ட வீரர் பெலேயின் பெயர் தெரியாத பையன் நம் தெருக்களில் இல்லை. கொவிட் காலத்தில் தள்ளிப்போன வழமையான பரிசோதனைகளை 2021இல் அவர் செய்துகொண்டபோதுதான் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருப்பது தெரியவந்தது. அந்த செப்டெம்பரில் அது அகற்றப்பட்டது. 2022 டிசம்பர் 29ஆம் திகதி இறந்துபோனார். எந்தப் புற்றுநோய் என்று கேட்டால் பதில் தெரிந்தவர்கள் குறைவு.

இனிக் கருவிக்கு வருவோம். மனிதரில் முதல் சி.ரி. ஸ்கேன் 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் எடுக்கப்பட்டது. அதை உருவாக்கிய கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் வைத்தியரல்ல, பொறியியலாளர். 1979இல் அலன் கோர்மக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அன்று எடுத்தது மூளையை. அசையாத உறுப்பு என்பதால் மெதுவான கருவிக்கு அது தோதாக இருந்தது. வயிறு அப்படியல்ல. மூச்சு விட விட ஈரல் ஏறி இறங்கும், குடல் தன்பாட்டில் நெளிந்துகொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் சுருள் முறையும், 1990களின் கடைசியில் ஒரே சுற்றில் பல துண்டங்களை எடுக்கும் கருவிகளும் வந்த பிறகுதான் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை ஒரே மூச்சுக்குள் எடுப்பது சாத்தியமானது.

அப்படியிருந்தும் பெருங்குடல் இந்தக் கருவிக்கு ஒரு சங்கடமான உறுப்பு. ஒன்றரை மீற்றர் நீளமான அந்தக் குழாய் பெரும்பாலான நேரம் சுருங்கிக் கிடக்கும், அல்லது மலத்தால் நிறைந்திருக்கும். காற்றால் விரிந்த குடலின் சுவர் 3 மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புடையது. சுருங்கிக் கிடக்கும்போது அதே சுவர் தடித்ததுபோல் தெரியும். ஆகவே சாதாரண ஸ்கேனில் நல்ல குடல் நோயுற்றதுபோலத் தோன்றலாம், நோயுற்ற குடல் நல்லதுபோலவும் தோன்றலாம். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பொலிப் எனப்படும் சிறு முளையிலிருந்து, பத்தாண்டு அளவில் மெல்ல வளர்ந்து உருவாகிறது. வெட்டி எடுத்தால் வரவிருந்த புற்றுநோயையே தடுத்துவிடலாம் என்ற நிலையில் அந்த முளை ஒரு சென்ரிமீற்றரோ அதற்கும் குறைவோதான் இருக்கும். மலத்துக்கு நடுவே அந்த முளையைச் சாதாரண ஸ்கேனில் தேடினால் கிடைக்காது. "ஸ்கேன்ல ஒண்டும் இல்லையாம்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, இரத்தம் போவதைப் பொறுத்துக்கொள்பவர்களின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? குழாய் விட்டுப் பார்த்து, சிறு துண்டு கிள்ளி எடுத்து, ஆய்வுகூடம் "புற்றுநோய்" என்று எழுதிய பிறகு அதன் வேலை ஆரம்பிக்கிறது. அந்தக் கட்டத்தில் நோயாளருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காலையில் வெறும் வயிறு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். பல இடங்களில் ஒரு பெரிய போத்தல் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்வார்கள், அது குடலின் எல்லைகளைக் காட்டுவதற்கு. கையில் ஊசிக் குழாய் குத்தி மேசையில் படுக்க வைப்பார்கள். அயடீன் கலந்த சாய மருந்து இயந்திரத்தால் வேகமாக ஏற்றப்படும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரு சூடு இறங்கும். சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும், போயிராது. இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும், ஆனால் எல்லா இடத்திலும் சொல்வதில்லை. "ஹுஸ்ம அல்லன் இன்ன" என்று சிங்களத்தில் வரும் கட்டளை, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது என்பது தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டிக்குப் புரியாவிட்டால் படம் கலங்கிவிடும். ஈரலைப் பார்க்கச் சாயம் ஏற்றி ஏறத்தாழ 70 விநாடியில் படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் நல்ல ஈரல் வெளுத்துத் தெரியும், குடல் புற்றுநோயின் படிவுகள் அதில் கருமையாக விழும். அந்தச் சில விநாடியில் விட்ட மூச்சு ஒரு சிறிய படிவையே மறைத்துவிடக்கூடும்.

சாய மருந்தைப் பற்றி மாளிகாவத்தையில் எழுதும்போது சிறுநீரகத்தைத் தொடாமல் போக முடியாது. நாட்டின் தேசிய சிறுநீரக நிறுவகம் இருப்பதே இங்கேதான். அதனால் "சாயம் ஏத்தினா கிட்னி போயிடும்" என்ற பேச்சு இங்கே அதிகம். அயடீன் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் முன்பு நினைத்த அளவுக்கு அல்ல என்பதே அண்மைக்கால முடிவு. அமெரிக்கக் கதிரியக்க வைத்தியர்களும் சிறுநீரக அமைப்பும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட கூட்டறிக்கை, சிறுநீரகம் வடிகட்டும் அளவு (eGFR) 30க்குக் கீழே போனவர்களிலும், திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருப்பவர்களிலும்தான் விசேட கவனம் வேண்டும் என்கிறது. சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குடிப்பவர்களில் சிறுநீரகம் பலவீனமானவர்கள் அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே டயலிசிஸ் செய்துகொள்பவருக்குச் சாயத்தால் கெட இருக்கும் சிறுநீரகம் பெரும்பாலும் மிச்சமில்லை, ஸ்கேனுக்காகவே அவசர டயலிசிஸ் தேவையுமில்லை. இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும்: நோன்பு காலத்தில் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் தண்ணீர் குடிப்பதை நோன்புக்காக விட்டுவிடக் கூடாது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதை எந்த மௌலவியிடம் கேட்டாலும் சொல்வார். உடம்பில் நீர் குறைந்த நிலையில் சாயம் ஏற்றுவதுதான் சிறுநீரகத்துக்குப் பாதகம்.

2022இல் நாடு டொலரில்லாமல் தவித்தபோது வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு ஷங்காயில் கொவிட் முடக்கத்தால் ஒரு பெரிய சாய மருந்துத் தொழிற்சாலை நின்றுபோய், அமெரிக்கா உட்பட உலகமே சாயத்தை அளந்து செலவழித்தது பலருக்குத் தெரியாது. சாயமில்லாமல் எடுக்கும் ஸ்கேனில் ஈரல் படிவுகள் பல கண்ணுக்கே தெரியாது.

இனி ஒரு ரிப்போர்ட்டைப் படித்துப் பார்ப்போம். யாருடையதும் அல்ல, கற்பனையாக எழுதிக்கொண்டது. ஆனால் இப்படிப்பட்டவை கொழும்பில் தினமும் எழுதப்படுகின்றன. "சிக்மொய்ட் பகுதியில் சுவர் சுற்றிவரத் தடித்திருக்கிறது, 18 மில்லிமீற்றர் தடிப்பு, 5 சென்ரிமீற்றர் நீளம். சுற்றியுள்ள கொழுப்பில் இழைகள். அருகே சில நிணநீர்க்கணுக்கள், பெரியது 8 மில்லிமீற்றர். ஈரலின் ஆறாம் பகுதியில் 9 மில்லிமீற்றரில் ஒரு கருமை, உறுதியாகச் சொல்ல முடியாதது. வலது நுரையீரலின் உச்சியில் சுண்ணாம்புப் படிவு." வீட்டில் ஆங்கிலம் படித்த பிள்ளை கூகுளில் தேடி, உம்மாவுக்குத் தெரியாமல் அழும் வரிகள் இவை. ஒவ்வொன்றும் எவ்வளவு பாரமானது?

முதல் வரி கனமானது. குறுகிய நீளத்தில், திடீரென ஆரம்பித்துத் திடீரென முடியும் தடிப்பு புற்றுநோயின் வழமையான தோற்றம். நீண்ட தூரத்துக்குச் சீராகத் தடித்திருந்தால் அழற்சியாகவோ தொற்றாகவோ இருக்கலாம். கொழுப்பில் இழைகள் என்ற இரண்டாவது வரி, கட்டி சுவரைத் தாண்டிவிட்டது என்றும் பொருள்படலாம், கட்டியைச் சுற்றி வெறும் அழற்சி என்றும் பொருள்படலாம். சுவருக்குள் நிற்கும் கட்டியையும் சற்றே தாண்டிய கட்டியையும் பிரிப்பதில் சி.ரி. தடுமாறும். ஆழமாக வெளியே போய்ப் பக்கத்து உறுப்பைப் பிடித்துவிட்டதா என்று சொல்வதில் ஓரளவு நன்றாகவே செய்யும். நிணநீர்க்கணு விடயத்தில் அது நம்பக்கூடியதல்ல. 8 மில்லிமீற்றர் கணு வெறுமனே வீங்கியதாக இருக்கலாம், 4 மில்லிமீற்றர் கணுவுக்குள் புற்றுக் கலங்கள் இருக்கலாம். அளவை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதனால்தான் சத்திரசிகிச்சையில் வெட்டி எடுத்த துண்டில் குறைந்தது 12 கணுக்களையாவது தேடி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கணுவுக்குப் போன மூன்றாம் நிலையா, போகாத இரண்டாம் நிலையா என்பதைத் தீர்மானிப்பது ஸ்கேன் அறையல்ல, நோயியல் ஆய்வுகூடம்.

ஈரல் வரிதான் குடும்பத்தை உலுக்கும். குடலிலிருந்து போகும் இரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஆகவே பெருங்குடல் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் தங்கும் இடம் அதுவே. கண்டறியப்படும் நேரத்திலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் வேறு உறுப்புக்குப் போயிருக்கிறது. ஆனால் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கருமை எதுவென்று சி.ரி.யால் பல தடவை சொல்ல முடியாது. ஈரலில் நீர்க்கட்டி சர்வசாதாரணம். சந்தேகம் தீர எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதைச் செய்யாமல் "ஈரலுக்குப் போயிட்டுது" என்று ஊரெல்லாம் சொல்லி, ஒரு மனிதனை உயிரோடு இருக்கும்போதே புதைத்துவிடுகிறோம். உண்மையாகவே ஈரலுக்குப் போயிருந்தாலும், சில படிவுகள் மட்டும் என்றால் வெட்டி எடுத்து நெடுநாள் வாழ்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். எத்தனை படிவுகள், எந்தக் குழாய்க்கு அருகில், எவ்வளவு ஈரல் மிஞ்சும் என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் இந்தப் படங்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்.

கடைசி வரி நம் ஊருக்கே உரியது. இலங்கையில் காசநோய் அதிகமாகப் பதிவாகும் மாவட்டம் கொழும்பு. நெருக்கமான வீடுகளில் சிறுவயதில் தொற்றி, தானாக ஆறி, தழும்பாகிப்போன காசநோயின் அடையாளம் பலருடைய நுரையீரலில் இருக்கிறது. ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்து அதையெல்லாம் பரவிய புற்றுநோய் என்று சொல்லக் கூடாது. எதிர்ப்பக்கமாகவும் ஏமாறலாம். சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில் காசநோய் வந்தால் அது ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே தடித்துத் தெரியும், அமீபாக் கட்டியும் அப்படித்தான். துண்டு எடுத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்துச் சத்திரசிகிச்சைக்கோ கீமோவுக்கோ போகக் கூடாது என்பதற்கு இதுவே போதும். வயிற்றுறையின் மீது அரிசிமணி அளவில் தூவிக் கிடக்கும் படிவுகளும் சி.ரி.க்குப் பெரும்பாலும் அகப்படாது, வயிற்றைத் திறந்தபோதுதான் சில தடவை தெரியவரும்.

மலக்குடல் புற்றுநோய்க்கு ஒரு தனிச் சொல். இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும் அந்தப் பகுதியில் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். சி.ரி. ஈரலையும் நுரையீரலையும் பார்க்க மட்டுமே.

அண்மைக்காலத்தில் சி.ரி. மதிப்பீட்டுக்கு ஒரு புதிய பாரமும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் பரவாத பெருங்குடல் புற்றுநோய் என்றால் முதலில் சத்திரசிகிச்சை, தேவையென்றால் பிறகு கீமோ. பிரித்தானியா, டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகளில் 1,053 நோயாளர்களை வைத்து நடந்து 2023இல் வெளியான ஃபொக்ஸ்ட்ரொட் ஆய்வு இந்த வரிசையை மாற்றிப் பார்த்தது. சத்திரசிகிச்சைக்கு முன் ஆறு வாரம் கீமோ கொடுத்தவர்களில் இரண்டு ஆண்டுக்குள் நோய் மிஞ்சியோ திரும்பியோ இருந்தவர்கள் 16.9 வீதம், வழமையான முறையில் 21.5 வீதம். இதில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தது சி.ரி. ஸ்கேன். கட்டி சுவரைத் தாண்டிவிட்டது என்று ஸ்கேன் பிழையாகச் சொன்னால், தேவையில்லாத ஒருவருக்குக் கீமோ போகும். முன்பு ரிப்போர்ட்டில் ஒரு மில்லிமீற்றர் பிழை பெரிய விடயமில்லை, வெட்டிய பிறகு உண்மை தெரிந்துவிடும். இப்போது அந்த மில்லிமீற்றரில் சிகிச்சையே மாறுகிறது.

இதுவரை சொன்னது திட்டமிட்டு வரும் நோயாளரைப் பற்றி. வயிறு ஊதி, காற்றும் மலமும் நின்று, வாந்தியோடு இரவில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப்படுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே நோயைக் கண்டுபிடிப்பதே சி.ரி.தான்: எந்த இடத்தில் அடைப்பு, அடைப்புக்கு மேல் குடல் எவ்வளவு விரிந்திருக்கிறது, வெடித்துக் காற்று வெளியே வந்துவிட்டதா. உயிரைக் காப்பாற்றும் கருவி என்ற பெயருக்கு அது உண்மையிலேயே உரித்தாவது அந்த இரவில்தான். ஆனால் அந்த இரவு வரும் வரை விட்டிருக்கக் கூடாது.

சரி, முதலாவது கேள்விக்குத் திரும்புவோம். குழாய் விடாமல் ஸ்கேனால் குடலைப் பார்க்க வழியே இல்லையா? இருக்கிறது. 1994இல் அமெரிக்கக் கதிரியக்க வைத்தியர் டேவிட் வைனிங், சி.ரி. துண்டங்களைக் கணினியில் அடுக்கி, பெருங்குடலுக்குள் பறந்து போவதுபோல ஒரு காட்சியை உருவாக்கிக் காட்டினார். சி.ரி. கொலொனோகிராஃபி என்பது அதன் இன்றைய பெயர். முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். மிஞ்சும் மலத்துக்கு அடையாளம் போட ஒரு மருந்து குடிக்க வேண்டும். மேசையில் படுத்த பிறகு மலவாயில் ஒரு மெல்லிய குழாய் வைத்து காபனீரொட்சைட்டு ஊதிக் குடலை விரிப்பார்கள். மல்லாந்து ஒரு தடவை, குப்புற ஒரு தடவை படம். மயக்க ஊசி இல்லை, பதினைந்து நிமிடத்தில் எழுந்து போகலாம். ஆக, "குழாய் வேண்டாம்" என்று சொன்னவருக்கு இங்கேயும் ஒரு சிறு குழாய் உண்டு, பேதி மருந்தும் உண்டு. வெட்கத்துக்குத் தப்ப வழியில்லை.

அதன் திறமை பற்றிய சான்று நல்ல சான்று. 2003இல் பிக்ஹார்ட் குழுவினர் 1,233 பேரை இந்த ஸ்கேனாலும், கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கொப்பியாலும் பார்த்தார்கள். 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட முளைகளில் ஸ்கேன் 93.8 வீதத்தைப் பிடித்தது, கொலனொஸ்கொப்பி 87.5 வீதத்தை. 2008இல் 2,500க்கும் மேற்பட்டவர்களில் ஜோன்சன் குழுவினர் செய்த பெரிய ஆய்வில் அது 90 வீதத்துக்கு இறங்கியது, அப்போதும் மோசமில்லை. இதற்கு நேர்மாறான பாடத்தை 2012இல் நெதர்லாந்து சொன்னது. பொதுமக்களுக்கு அழைப்பு அனுப்பியபோது ஸ்கேனுக்கு 34 வீதம் பேர் வந்தார்கள், கொலனொஸ்கொப்பிக்கு 22 வீதம். ஆனால் வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரிடம் முற்றிய முளையோ புற்றுநோயோ அகப்பட்டது என்று பார்த்தால் கொலனொஸ்கொப்பியில் 8.7, ஸ்கேனில் 6.1. அழைக்கப்பட்டவர்களை வைத்துக் கணக்கிட்டால் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஒன்று அதிகம் பேரை இழுத்து வந்தது, மற்றது வந்தவர்களை நன்றாகப் பார்த்தது. தட்டையான முளைகள் ஸ்கேனின் கண்ணுக்குத் தப்பும் என்பதும் இதில் அடக்கம். முளை தெரிந்தால் அதை வெட்ட மறுபடியும் கொலனொஸ்கொப்பிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு தொல்லையைப் பலர் யோசிப்பதில்லை. குடலைப் பார்க்கப் போன ஸ்கேன் சிறுநீரகத்தையும் கணையத்தையும் முதுகெலும்பையும் சேர்த்தே படம் பிடிக்கிறது. ஜோன்சன் ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் குடலுக்கு வெளியே ஏதோ ஒன்று தெரிந்தது, 16 வீதத்தினருக்கு மேலதிகப் பரிசோதனை தேவை என்று எழுத வேண்டியிருந்தது. சிலருக்கு அது வரப்பிரசாதம். பலருக்கு அது ஆறு மாதம் தூக்கமின்மையும் தனியார் வைத்தியசாலைப் பில்லும். கதிர்வீச்சுக் கணக்கும் உண்டு. வழமையான வயிற்று ஸ்கேன் ஒன்று 8 முதல் 10 மில்லிசீவேர்ட், கொலொனோகிராஃபி அதில் பாதியளவோ குறைவோ. பூமியில் சும்மா வாழ்வதற்கே ஆண்டுக்கு சராசரி 2.4 கிடைக்கிறது. புற்றுநோயுள்ள அறுபது வயதினருக்கு இதெல்லாம் பொருட்டே அல்ல. வயிற்று ஊதலுக்கு ஒவ்வோர் ஆண்டும் "எதுக்கும் ஒருக்கா" ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் முப்பது வயதினருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் தடுப்புச் சேவைக் குழு 2021இல் குடல் பரிசோதனையை 45 வயதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி, ஐந்து ஆண்டுக்கு ஒரு கொலொனோகிராஃபியை அனுமதிக்கப்பட்ட வழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா என்றால், முடியாது என்பதே என் பதில். ஸ்கேன் இயந்திரம் ஒரு தடையல்ல. இரண்டு நிலைகளில் எடுத்த ஆயிரக்கணக்கான துண்டங்களை அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் பயிற்சி பெற்ற கண்கள் குறைவு. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனது அந்தக் கண்களையும் குறைத்தது. அந்தக் கண்களின் நேரத்தை, நோய் இருப்பது உறுதியாகிக் காத்துக்கொண்டிருப்பவரின் ஸ்கேனுக்குக் கொடுப்பதுதான் நியாயம். கொலொனோகிராஃபி இங்கே பயன்பட வேண்டிய இடங்கள் உண்டு: கட்டி வழியை அடைத்து, கொலனொஸ்கொப்பிக் கமரா அதைத் தாண்டிப் போக முடியாதபோது. நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இரண்டாவது கட்டி ஒன்றும் அதே குடலில் இருக்கும், தெரியாமல் விட்டால் சத்திரசிகிச்சை அரைகுறை. மயக்கம் தாங்காத முதியவர்களுக்கும் பொருந்தும்.

நோயைத் தேடும் வேலையை மலிவான ஒரு சோதனையிடம் கொடுத்துவிடலாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித இரத்தத்தைத் தேடும் ஃபிற் சோதனை, ஒரு சிறு குச்சியில் எடுத்த மலத்தோடு வீட்டிலேயே முடியும் வேலை. ஒரே தடவை செய்தாலும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 79 வீதத்தைப் பிடிக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிரித்தானியாவில் இப்போது அறிகுறி உள்ளவர்களையும் அதை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். இலங்கையில் மார்பகத்துக்கும் கருப்பைக் கழுத்துக்கும் 1996இலிருந்து சுகவனிதைக் கிளினிக்குகள் இருக்கின்றன. குடலுக்கு அப்படி நாடளாவிய ஏற்பாடு இல்லை. இங்குள்ள நோயின் போக்கு நமக்குச் சாதகமானதும்கூட: ராகமை வைத்தியசாலையிலிருந்து வந்த ஆய்வுகளில் கட்டிகள் பெரும்பாலும் மலக்குடலிலும் இடப்பக்கக் குடலிலும் இருக்கின்றன. அதாவது விரலும் குட்டையான கமராவும் எட்டும் தூரத்தில். வலப்பக்கக் கட்டிகள் சத்தமில்லாதவை. அங்கே குடல் அகலம், அடைக்காது, இரத்தமும் மலத்தோடு கலந்து மறைந்துவிடும். ஐம்பது வயது தாண்டிய ஆணுக்குக் காரணமில்லாமல் இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை என்றால், இரும்புக் குளிசையோடு அனுப்பிவிடாமல் குடலைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஸ்கேன் ஆசை விடுவதில்லை. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா முழுசாப் பாத்துக்கொள்ளுவம்" என்பார்கள் வெளிநாட்டுப் பிள்ளைகள். பிரித்தானியாவில் 1,202 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒழுங்காக ஸ்கேன் எடுத்தாலும் சரி, சீ.ஈ.ஏ. என்ற இரத்தச் சோதனை செய்தாலும் சரி, திரும்பிவந்த நோயை மறுபடி வெட்டக்கூடிய நிலையில் பிடிப்பது கூடியது. இரண்டையும் சேர்த்ததால் மேலும் கூடவில்லை. 2018இல் வெளியான கொலஃபொல் ஆய்வு 2,509 பேரில் ஐந்து தடவை ஸ்கேன் எடுத்தவர்களையும் இரண்டே தடவை எடுத்தவர்களையும் ஒப்பிட்டது. ஐந்து ஆண்டு இறப்பு 13 வீதம், 14.1 வீதம். அந்த வேறுபாட்டைத் தற்செயல் என்றே கொள்ளலாம். பெற் (PET) ஸ்கேனும் இதே வகை. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெற் ஸ்கேன் வாங்க 2016இல் கதீஜா பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு 20 கோடி ரூபாய் இலக்கு வைத்து இறங்கியபோது, இன மத பேதமில்லாமல் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அது மறக்க முடியாத காரியம். ஆனால் சாதாரண பெருங்குடல் புற்றுநோயை முதலில் மதிப்பிட பெற் ஸ்கேன் வழமையாகத் தேவையில்லை. சீ.ஈ.ஏ. ஏறிக்கொண்டே போய், சி.ரி.யில் ஒன்றும் தெரியாதபோதுதான் அதற்கு வேலை.

தொடர் பரிசோதனையில் உண்மையான பயன் பழைய படத்தில் இருக்கிறது. முதல் ஸ்கேன் தனியாரில், அடுத்தது பெரியாஸ்பத்திரியில், மூன்றாவது மஹரகமவில் என்று அலைகிற நோயாளர்கள் கையில் பெரும்பாலும் ரிப்போர்ட் தாள் மட்டும் இருக்கும், படங்கள் உள்ள சீ.டி. வீட்டில் எங்கேயோ. அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தடவையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஈரலின் ஆறாம் பகுதியில் இருந்த அந்த 9 மில்லிமீற்றர் கருமை இரண்டு ஆண்டுக்குப் பிறகும் 9 மில்லிமீற்றராகவே இருந்தால், அது பெரும்பாலும் வெறும் நீர்க்கட்டிதான்.